சம்பா அறுவடை: மழைக்கு முன்னால் அறுப்பதா, விட்டுப் பார்ப்பதா?

பொங்கலை ஒட்டிய வாரங்களில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: "அறுத்துடலாமா, ரெண்டு நாள் பாக்கலாமா?" வடகிழக்குப் பருவமழை கணக்குப்படி டிசம்பரோடு முடிய வேண்டும். அது விலகிவிட்டது என்று அறிவிப்பு வருவதற்குப் பல வருடங்களில் ஜனவரி பாதி ஓடிவிடுகிறது. விலகிய பிறகும் இலங்கைப் பக்கம் ஒரு தாழ்வுப்பகுதி வந்து நின்றால் போதும், கதை மாறிவிடும். 2021 பொங்கலை ஒட்டிப் பெய்ததும், 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பெய்ததும், 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் நாகை, மயிலாடுதுறை, கடலூர் பக்கம் கொட்டியதும் பருவம் தப்பிய மழைதான். சம்பா நெல் முற்றித் தலை தொங்கி நிற்கும்போது வருவதால், ஐப்பசியில் யாரும் சட்டை செய்யாத அளவு மழைகூட தையில் வருடக் கணக்கையே புரட்டிவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரு வாரத்தை வைத்துக்கொள்வோம். இன்று ஞாயிறு. புதன் வரை வறண்ட வானிலை, அதிகாலையில் பனிமூட்டம். வியாழன், வெள்ளியில் டெல்டா மாவட்டங்களில் ஒருசில இடங்களில் மிதமான மழை, ஓரிரு இடங்களில் கனமழை. சனி முதல் குறையும். உங்களிடம் ஐந்து ஏக்கர் சம்பா நிற்கிறது. எல்லாம் ஒரே பதத்தில் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிற்கிற பயிர் ஒரு மழையைத் தாங்கும். சாய்ந்த பயிரும் குவித்துவைத்த ஈர நெல்லும் தாங்காது. அவசரப்பட்டு அறுத்தால் ஆபத்து தீர்ந்துவிடாது. வயலில் இருந்தது நெல் காயவைக்கும் களத்துக்கு வந்து சேரும், அவ்வளவுதான். அதனால் வானத்தைப் பார்க்குமுன் களத்தைப் பாருங்கள் என்பேன்.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

அறிக்கை என்ன சொல்கிறது. வானிலை ஆய்வு மையத்தின் சொற்களுக்கெல்லாம் அளவு உண்டு. "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசிக்கு மேல் போகாது. "ஒருசில இடங்களில்" என்றால் கால்வாசிக்கு மேல், பாதி வரை. 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. தொட்டால்தான் அது கனமழை. அதற்குக் கீழே 1.56 செ.மீ. வரை எல்லாமே மிதமான மழை. "மிதமான மழைதானே" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஒரே இரவில் 6 செ.மீ. பெய்தாலும் மிதமான மழைதான். காற்றோடு பெய்தால் வெள்ளைப் பொன்னி போன்ற உயரமான ரகத்தைப் பாயாக விரிக்க அதுவே போதும். மாறாக, "கனமழை எச்சரிக்கை" என்று மாவட்டத்தின் பெயர் வந்ததாலேயே உங்கள் வயலில் கொட்டும் என்றும் ஆகிவிடாது.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன வியாழன் மழையைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஜனவரியில் வரும் தாழ்வுப்பகுதி கொஞ்சம் தெற்கே நழுவினால் மழை இலங்கைக்கும் தென்மாவட்டங்களுக்கும் போய்விடும், நமக்கு மூட்டம் மட்டும் மிஞ்சும். விவசாயிகளுக்கான வேளாண் வானிலை அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. மேகதூத் செயலியிலும் பார்க்கலாம். செவ்வாய் அறிக்கையைப் பார்த்துவிட்டு முடிவை ஒருமுறை சரிபார்க்க இந்த வாரத்தில் இடம் இருக்கிறது.

எல்லாரும் மழை வரும் நாளைப் பார்க்கிறார்கள். நான் மழைக்குப் பிந்தைய நாட்களைத்தான் முதலில் பார்ப்பேன். சனிக்கிழமை வெயில் அடித்தால் காத்திருந்ததற்குச் சேதம் குறைவு. மழை விட்டும் நான்கு நாள் மூட்டமாகவே கிடந்தால் 2 செ.மீ. மழைகூடக் கதிரை முளைக்க வைத்துவிடும்.

கையில் இருக்கும் நேரம். ஞாயிறு முதல் புதன் வரை நான்கு நாள் என்று தோன்றும். தை மாதப் பனியில் காலை எட்டு மணிக்குத் தாளைக் கையால் உருவிப் பாருங்கள், உள்ளங்கை நனைந்துவிடும். அந்த ஈரத்தில் அறுவடை வண்டியை இறக்கினால் நெல் சரியாக உதிராது, வைக்கோலோடு போகும். பத்து, பத்தரைக்கு மேல்தான் அறுப்பு தொடங்கும். இருட்டியதும் மறுபடி பனி. ஆக ஒரு நாளுக்கு ஏழு மணி நேரம். காய்ந்த வயலில், நிற்கிற பயிரில், ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் ஒரு வண்டி ஒரு நாளில் ஆறேழு ஏக்கர்தான் முடிக்கும். ஊரில் எல்லாரும் அதே அறிக்கையைக் கேட்டவர்கள். எனவே வண்டித் தரகரிடம் கேட்க வேண்டியது "வண்டி இருக்கா" என்பதை விட "என் முறை எந்த நாள், எத்தனை மணிக்கு" என்பதுதான். திங்கள் மதியம் என்றால் ஒரு கணக்கு. புதன் சாயங்காலம் என்றால் கணக்கே வேறு, ஏனென்றால் காயவைக்க ஒரு வெயில்கூட மிச்சமில்லை.

பயிரின் பதம். பூத்து முப்பது நாள் ஆகி, கதிரில் ஐந்தில் நாலு பங்கு மணி பழுத்திருந்தால் அறுக்கலாம். நடுக்கதிரில் இருந்து ஒரு மணியை உரித்துப் பல்லில் வைத்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் இருக்கிறது. அந்தச் சரியான பதத்தில் நெல்லின் ஈரப்பதம் 20, 22 சதவீதத்தில் இருக்கும். அரசு நெல் கொள்முதல் நிலையம் கேட்பது 17. நடுவில் இருக்கும் அந்த நான்கைந்து புள்ளிதான் மொத்தச் சிக்கலும்.

மண்ணும் வடிகாலும். கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் இளகிய மண். மழை விட்டு இரண்டு மூன்று நாளில் வண்டி இறங்கும். கீழே தலைஞாயிறு, வேதாரண்யம் போகப் போகக் களிமண், தாழ்ந்த நிலம். கடல் ஏற்றத்தில் இருந்தால் முகத்துவாரத்தில் தண்ணீர் வெளியேறாமல் எதிர்த்து நிற்கும். அங்கே ஒரு வாரம் கழித்தும், டயருக்குப் பதில் சங்கிலிப் பட்டையில் ஓடும் சங்கிலி வண்டிகூடப் புதையும். இருவருக்கும் ஒரே ஆலோசனை சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

நெல்லுக்கு இடம். 20 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள நெல்லை 24 மணி நேரத்துக்குள் காயவைக்கத் தொடங்க வேண்டும். கட்டாந்தரை, படுதா, ஆள், மேலே ஒரு கூரை இருந்தால் இன்னும் நல்லது. இவற்றில் எது உங்களிடம் இருக்கிறது என்பதை எழுதிப் பாருங்கள். சாலையோரம் காயப்போடலாம் என்பது இடம் இருப்பதாக ஆகாது. அதே சாலையில் ஊரே காயப்போட வரும்.

பின்னால் வரும் உளுந்து. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கும் நெல்லுக்குள் உளுந்தோ பயறோ தெளிப்பது டெல்டா வழக்கம். ஜனவரி நடுவில் இருந்து பிப்ரவரி நடு வரை அதற்கான காலம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடுகிறார்கள். அப்புறம் அந்தப் பயிர் மண்ணில் மிச்சமுள்ள ஈரத்திலும் பனியிலும்தான் வளர வேண்டும். நெல் அறுப்பைத் தள்ளினால் உளுந்தும் தள்ளும். இதை நெல் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

## ஒரு பார்வையில்

| | இப்போதே அறுத்து, காயவைத்து, கொள்முதல் நிலையம் | இப்போதே அறுத்து, ஈரத்தோடு வியாபாரிக்கு | மழை போகும்வரை விடுவது |
|---|---|---|---|
| விலை | முழு விலை, ஈரம் 17-க்குள் வந்தால் | பேரம்தான். மழைச் செய்தி வந்ததும் இறங்கும் | முழு விலை, மணி கெடாமல் இருந்தால் |
| பெரிய ஆபத்து | குவியல் நனைவது, சூடேறுவது | குறைந்த விலை, பாக்கி இழுத்தடிப்பு | சாய்வது, கதிரிலேயே முளைப்பது |
| கண்ணில் படாத செலவு | காயவைக்கும் கூலி, வரிசையில் காத்திருக்கும் நாட்கள் | எடைக் கழிவு | ஈர வயலில் கூடுதல் வண்டி மணி, வைக்கோல் நஷ்டம், குருணை (உடைந்த அரிசி) |
| உளுந்துக்கு | நல்லது | நல்லது | வயல் பதமாகும் நாளைப் பொறுத்தது |
| வேண்டியது | களம், படுதா, குறைந்தது இரண்டு வெயில் | நம்பகமான ஆள், ரொக்கம் | நிமிர்ந்த பயிர், நல்ல வடிகால் |

## இப்போதே அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்கு

2025-26 பருவத்துக்குத் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து குவிண்டாலுக்குச் சன்ன ரகம் ரூ.2,545, பொது ரகம் ரூ.2,500. வெளியில் இந்த விலை ஈர நெல்லுக்குக் கிடைக்காது. ஆந்திரா பொன்னி போட்டவர் முதல் விலையையும், சி.ஆர். 1009 போட்டவர் இரண்டாவதையும் வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நிபந்தனை ஈரப்பதம் மட்டும் இல்லை. கெட்டது, நிறம் மாறியது, முளைத்தது, வண்டு அரித்தது எல்லாம் சேர்த்து 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சுருங்கிய, முதிராத மணி 3 சதவீதம். பயத்தில் ஒரு வாரம் முன்கூட்டியே அறுத்தால் இந்த 3-ல்தான் மாட்டுவோம். பச்சை மணி காய்ந்ததும் சுருங்கிவிடும், தூற்றினால் பதராகப் பறக்கும். மூட்டை எண்ணிக்கை குறையும்போதுதான் அவசரத்தின் விலை தெரியும்.

பெரிய செலவு வரிசையில் இருக்கிறது. மழைச் செய்தி வந்ததும் ஒட்டுமொத்த ஊரும் அறுத்துக்கொண்டு ஒரே நிலையத்துக்கு வரும். சாக்கு வரவில்லை, பிடித்த மூட்டையை ஏற்ற லாரி வரவில்லை என்று ஏதாவது ஒன்றில் நிற்கும். அதுவரை நெல் திறந்தவெளியில் உங்கள் பொறுப்பில் கிடக்கும். இங்கே பலரும் செய்கிற காரியம், ஈர நெல்லை மேடாகக் குவித்துப் படுதாவை நாலாபுறமும் இறுக்கி மூடிக் கல் வைத்துவிடுவது. மேலே மழை படாது, உண்மைதான். உள்ளே நெல் மூச்சு விட்டுச் சூடேறி வேர்க்கும். மறுநாள் காலை குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டால் வெதுவெதுவென்று இருக்கும். புளித்த வாடை வந்தால் அடியில் இருப்பது மஞ்சளாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஈர நெல்லை அரையடிக்கு மேல் குவிக்காமல் பரப்பி, மழை பெய்யும் நேரம் மட்டும் மூடி, விட்டதும் திறந்து கிளறிவிட ஆள் வேண்டும். அந்தக் கூலியையும் கணக்கில் எழுதுங்கள்.

மழைக்காலத்தில் ஈரப்பத வரம்பைத் தளர்த்தியதும் உண்டு. 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை ஏற்றார்கள். ஆனால் அது மாநில அரசு கேட்டு, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து, டெல்லியில் முடிவாகி வர வேண்டிய விஷயம். அதை நம்பி இன்று அறுக்கக் கூடாது.

இந்த வழி யாருக்குச் சரி? பயிர் முழுப் பதத்தில் இருந்து, திங்கட்கிழமைக்குள் வண்டி கிடைத்து, கூரை உள்ள களமோ கிடங்கோ கைவசம் இருப்பவருக்கு. மூன்றும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

## இப்போதே அறுத்து வியாபாரிக்கு

ஈர நெல்லை வயலோரத்திலேயே எடை போட்டு ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. இவர்களிடம் விற்பதை ஏதோ தோல்வியைப் போலப் பேசுவது நம்மூர் வழக்கம். நான் அப்படிப் பார்க்கவில்லை, ஆனால் சரியான கணக்கோடு ஒப்பிட வேண்டும்.

வியாபாரி 2,150 கேட்கிறார், அரசு விலை 2,545, ஆகக் குவிண்டாலுக்கு 395 நஷ்டம் என்று போடும் கணக்கு தப்பு. 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல் 17-க்கு இறங்கும்போது 94 கிலோ ஆகிவிடும். 6 கிலோ தண்ணீர் ஆவியாகப் போய்விட்டது. 94 கிலோவுக்கு அரசு விலை சுமார் ரூ.2,392. ஆரம்ப ஈரம் 24 என்றால் எடை 91 கிலோ சொச்சம், பணம் சுமார் ரூ.2,330. ஆகவே 22 சதவீத நெல்லுக்கு உண்மையான வித்தியாசம் 242. அதில் காயவைக்கும் கூலி, தூற்றும் கூலி, ஏற்றி இறக்கும் செலவு, இரவுக் காவல் எல்லாம் போக மிஞ்சுவதுதான் நீங்கள் விட்டுக்கொடுக்கும் தொகை. களம் இல்லாதவருக்கு அது மலிவுதான். நெல்லின் ஈரத்தைத் தெரிந்துகொள்ளாமல் விலை பேசக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். உள்ளூரில் ஈரம் பார்க்கும் மீட்டர் வைத்திருப்பவர் யாராவது இருப்பார். கைநிறைய ஒரு மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுப் பேரத்துக்கு உட்காருங்கள்.

பிரச்சினை விலையை விடத் தவணையில்தான் வரும். "அடுத்த வாரம் தர்றேன்" என்கிற ஆளுக்கு மழை அவசரத்தில் நெல்லைக் கொடுத்துவிட்டு மாசி முழுக்க அலைய வேண்டாம். வெள்ளைத்தாளில் கழிவு எவ்வளவு, சாக்கு எடை எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். குத்தகைக்கு உழுபவர்கள் பலருக்குச் சிட்டா, அடங்கல் ஆகிய நில ஆவணங்கள் கையில் கிடைக்காமல் கொள்முதல் நிலையமே எட்டாமல் போகிறது. அவர்களுக்கு வேறு வழியும் அதிகம் இல்லை.

## மழை போகட்டும் என்று விடுவது

கேட்கவே பயமாக இருக்கும் வழி இது. என்றாலும் பலருக்கு இதுதான் சரி. பயிர் நிமிர்ந்து நிற்கிறது, இன்னும் நாலைந்து நாள் பால் இறுக வேண்டும், வரப்பு வெட்டிவிட்டால் தண்ணீர் ஓடிவிடும் என்றால், ஒரு நாள் மழை கதிரைக் கழுவிவிட்டுப் போகும், அவ்வளவுதான். காற்றாடும் கதிர் வெயில் வந்ததும் தானாகக் காயும். குவியலுக்கு அந்த வசதி இல்லை.

விடுவது என்றால் சும்மா இருப்பது என்று அர்த்தமில்லை. இன்றே தண்ணீரைச் சுத்தமாக வடித்துவிட வேண்டும்; அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் வடிப்பது எப்படியும் செய்ய வேண்டியதே. மூலைகளில் வடிகால் வாயை ஒரு மண்வெட்டி ஆழம் கூடுதலாக வெட்டி, வாய்க்காலில் அடைத்துக்கொண்டிருக்கும் ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டால் வெள்ளிக்கிழமை அதன் அருமை தெரியும். தண்ணீர் நின்றால் வேர்ப்பிடி இளகும், அடுத்த காற்றில் பயிர் படுக்கும். படுத்த கதிர் ஈரமண்ணில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் முளை விட்டுவிடும்.

செலவு எங்கே வரும்? முதலில் வண்டி. ஈர வயலில் டயர் வண்டி இறங்காது, சங்கிலி வண்டிதான். ஒரு மணி நேரத்தில் முடிகிற ஏக்கர், சேற்றிலும் சாய்வாகவும் இருந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் இழுக்கும். வாடகை மணிக்கணக்கு என்பதால் அறுப்புச் செலவும் அப்படியே ஒன்றரை, இரண்டு மடங்காகும். சங்கிலி மிதித்த தடத்தில் தெளித்த உளுந்து புதைந்துபோகும். வைக்கோல் கறுத்தால் கட்டு கட்ட யாரும் வரமாட்டார்கள்; மாடு வைத்திருப்பவருக்கு இது சின்ன நஷ்டம் இல்லை.

இன்னொன்று, அரிசி ஆலைக்காரருக்கு மட்டும் உடனே தெரியும் நஷ்டம். நன்றாக முற்றி, ஈரம் 16-க்குக் கீழே இறங்கிவிட்ட மணி மறுபடி நனையும்போது உள்ளே மயிரிழை போல வெடிப்பு விழும். வெளியே நெல் முழுசாகத்தான் இருக்கும், அரைத்தால் குருணை. அதனால் பயிர் பதம் தாண்டி நிற்கிறது என்றால் விட்டுப் பார்ப்பதற்கு இடமே இல்லை. பதம் வராத பயிருக்குத்தான் காத்திருப்பு லாபம்.

அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் 20 சதவீத உப்புக் கரைசல் தெளித்து முதிர்ச்சியை மூன்று நான்கு நாள் முன்னுக்கு இழுப்பது பழைய பரிந்துரை. மழை நாலு நாளில் வரப்போகிறது என்ற பிறகு தெளித்துப் பயன் இல்லை. கடலோர உப்பு மண்ணில் எனக்கு அதில் விருப்பமும் இல்லை.

## ஐந்து ஏக்கரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதுதான்: வயல்வயலாகப் பிரியுங்கள். வெள்ளைப் பொன்னி, மாப்பிள்ளைச் சம்பா போன்ற உயரமான ரகமும், ஏற்கெனவே கொஞ்சம் சாய்ந்ததும், பள்ளத்தில் இருப்பதும் முதலில் போகட்டும். மேட்டில் நிமிர்ந்து நிற்கும் வயல் மழைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு அறுப்பது என்பதை உங்கள் படுதா தீர்மானிக்கட்டும். இரண்டு ஏக்கர் நெல்லைப் பரப்பத்தான் இடம் என்றால் இரண்டு ஏக்கர்தான். மிச்சத்தில் பதம் தாண்டியது இருந்தால் அதை மட்டும் ஈரத்தோடு விற்றுவிடலாம். வண்டிக்காரர் "வந்ததுக்கு அஞ்சையும் முடிச்சுட்டுப் போறேனே" என்று நச்சரிப்பார். அவருக்கு டீசல் கணக்கு, உங்களுக்கு நெல் கணக்கு. பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து ஆளுக்கு இரண்டு ஏக்கராக ஒரே நாளில் வண்டியை வைத்துக்கொண்டால் அவரும் முணுமுணுக்க மாட்டார்.

கையறுப்பு? ஆள் கிடைத்தால், அரை ஏக்கர், ஒரு ஏக்கர் சாய்ந்த பயிருக்கு மட்டும். அறுத்த கதிர்க்கட்டை மழையில் நனையவிட்டால் நிற்கிற பயிரை விட மோசம்.

## காப்பீடு செய்தவர்கள் கவனிக்க

பயிர்க் காப்பீடு செய்தவர்களுக்கு இந்த முடிவில் இன்னொரு முடிச்சும் உண்டு. நிற்கும் பயிரின் இழப்பீடு பெரும்பாலும் உங்கள் வயலை மட்டும் பார்த்து வருவதில்லை. கிராமத்தில் நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரியை வைத்து வரும். அறுத்து வயலிலேயே காயப் பரப்பிய அல்லது சிறு கட்டாகக் கட்டிய பயிர் பருவம் தப்பிய மழையில் கெட்டால், அறுத்த 14 நாட்கள் வரை தனி வயலுக்கும் கேட்க வழி இருக்கிறது. எந்திரத்தில் அறுத்துக் களத்தில் கொட்டிய நெல் குவியல் இந்த இரண்டிலும் சேராது. அரசு நிவாரணமும் நிற்கும் பயிரின் சேதத்தைக் கணக்கெடுத்தே வரும். 2023 பிப்ரவரி மழைக்கு 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு ரூ.20,000 அறிவித்தார்கள். நிவாரணத்தை நம்பிப் பயிரை விடுங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் மழைக்குள் ஓடிப்போய் அறுத்துக் குவித்தது நனைந்தால் கேட்க இடமில்லை என்பதையும் சேர்த்தே யோசியுங்கள். சேதம் நடந்தால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 14447 என்ற எண்ணில் சொல்லலாம். வரப்பில் நின்று தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கும் வேளாண் உதவி அலுவலருக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.